மூடியில் எத்தனை போல்ட்டு

எனக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. தெருவில் அது யாருக்கும் தெரியாது. பழைய வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் இருபத்திரண்டு வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறேன். பின் ஆக்சிலுக்கு என்ன கேட்டு யார் வந்தாலும், பேரிங்கோ ஆயில் சீலோ எதுவானாலும், முதலில் நான் கேட்பது ஒரே கேள்விதான்: "மூடியில எத்தனை போல்ட்டு?"

பிக்கப் வண்டியின் பின்சக்கரம் இரண்டுக்கும் நடுவில் தொப்பை போட்ட இரும்புப் பெட்டி ஒன்று தொங்கும். அதன் பின்பக்கம் ஒரு மூடி, மூடியைச் சுற்றிப் போல்ட்டுகள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வருஷத்து வண்டிக்கே இரண்டு வகை ஆக்சில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்கு எது கையில் இருந்ததோ அதை மாட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே ஷாஃப்ட்டு, பேரிங், காலர் எல்லாம் மயிரிழை வித்தியாசம். பத்து போல்ட்டு இருந்தால் ஒரு ஜாதி, பன்னிரண்டு இருந்தால் வேறு ஜாதி. "வண்டி பேரைச் சொன்னா பத்தாதாய்யா?" என்று எரிந்து விழுவார்கள். பத்தாது, போய்க் குனிந்து எண்ணிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படி அனுப்பி அனுப்பி என் பெயரே 'போல்ட்டு' ஆகிவிட்டது. கோபம் வந்தால் என் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஒரே ஒருவரிடம், அந்தக் கேள்வியைக் கேட்காமல் சாமானை எடுத்துக் கொடுத்தேன். அதைத்தான் சொல்ல வருகிறேன். நேராகச் சொல்ல வாய் வராததால் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறேன்.

எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு ஒர்க்‌ஷாப். அதை வைத்திருப்பவரை எல்லோரும் 'பெரியவர்' என்பார்கள். வயதால் வந்த பெயரில்லை, ஐம்பதுகூட ஆகவில்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரில் மூத்தவர், அவ்வளவுதான். தம்பி ஐஸ் ஓட்டினான். விடியுமுன் ஐஸ் ஃபேக்டரியில் கட்டி ஏற்றி, மரத்தூள் தூவி, சாக்கு மூடி, துறைமுகத்து மீன் ஏலத்துக்கு ஒன்பது மணிக்குள் மூன்று நடை. வண்டி போன தடத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். வெயில் காலத்தில் தெருப்பிள்ளைகள் அந்த ஈரத்தின் மேலேயே வெறுங்காலோடு ஓடுவார்கள். கலகலப்பான ஆள். கடைக்கு வந்தால், "என்ன போல்ட்டு அண்ணே, இன்னிக்கு எத்தனை பேரைக் குனிய வச்சீங்க?" என்பான்.

பத்து மாசத்துக்கு முன்னால், துறைமுகத்துக்கு இறங்கும் சரிவில், இடது பின்சக்கரம் ஷாஃப்ட்டோடு சேர்ந்து உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. வண்டி ஒருக்களித்துச் சாய்ந்து மதிலில் மோதியது. ஐஸ்கட்டி எல்லாம் ரோட்டில். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்து போய்விட்டான். அதிக பாரம், அதிக வேகம் என்று பேப்பரில் எழுதிக் கேஸை முடித்தார்கள். தெருவும் அதையே சொன்னது. பெரியவர் எதுவுமே சொல்லவில்லை. அந்த இடது சக்கரத்துக்குப் பேரிங்கும் காலரும் மாற்றியது அவர்தான். மாற்றிப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது.

அதற்கப்புறம் அவர் பின் ஆக்சில் வேலையைத் தொடவில்லை. ஆயில் மாற்றுவார், பஞ்சர் ஒட்டுவார், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவார். யாராவது பின்பக்கம் சத்தம் வருகிறது என்று வந்தால், "கை வலிக்குதுப்பா, வேற எடம் பாரு" என்பார். கைக்கு ஒன்றும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் மத்தியானம் அவருடைய மனைவி என் கடைக்கு வந்தார். நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

"தம்பி, உங்க அண்ணனை என்ன செய்யறதுன்னு தெரியல. அவ வந்து நாலு தடவை கேட்டுட்டா. 'மாமா, வண்டியைச் சரி பண்ணிக் குடுங்க'ன்னு. இவரு தலையைத் தலையை ஆட்டிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஓடிடறாரு."

"அவன் பொண்டாட்டியா? வண்டியை என்ன பண்ணப் போறாளாம்?"

"ஓட்டப் போறா. வேற என்ன? ஐஸ் ஃபேக்டரில கட்டி ஒடைக்கிற வேலைக்குப் போயிட்டிருக்கா. பத்து வெரலும் புண்ணு. புருஷன் ஓட்டுன லைனை மேனேஜர் யாருக்கும் குடுக்காம வச்சிருக்காரு. இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் தாங்கும்னு சொல்லிட்டாராம். அதுக்கு மேல இவ அவங்க அம்மா வீட்டோட போய்ச் சேர வேண்டியதுதான். அங்க அண்ணன்மாரு கையை எதிர்பார்த்துட்டு உக்காரணும்."

"வேற மெக்கானிக்கிட்ட விடலாமே அண்ணி."

"நானும் சொன்னேன். 'மாமா கையைத் தவிர வேற கை படக் கூடாது'ங்கறா. அவ அப்படிச் சொல்லச் சொல்ல இவருக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. நீங்க கூடப் போங்க தம்பி. நீங்க வந்தா அவரு வருவாரு."

எனக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதை அண்ணியிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரியவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தோளில் கருவிப் பை. சவரம் செய்து நாலு நாள் இருக்கும்.

"பழைய கேட்லாக் வச்சிருக்கல்ல, அதை எடுத்துக்க. கம்பி பிரஷ் ஒண்ணு, வெர்னியர் ஒண்ணு."

"என்ன வேலைண்ணே?"

"வேலை இல்ல. பாக்கறதுதான். அது எந்த ஆக்சில்னு மொதல்ல தெரியணும். தெரியாம அதுல ஸ்பேனர் வைக்க மாட்டேன்." கொஞ்சம் நடந்த பிறகு சொன்னார்: "அது தெரிஞ்சா எனக்கு வேற ஒண்ணும் தெரிஞ்சிடும். அதனாலதான் உன்னைக் கூப்பிடறேன். தனியாப் போனா என் கண்ணு எனக்கு வேண்டியதைத்தான் பாக்கும்."

அவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. தம்பியைக் கொன்றது சரிவா, பாரமா, தன் கையா. பத்து மாசமாக அந்த மனுஷன் இந்த மூன்றுக்கும் நடுவில்தான் படுத்து எழுந்துகொண்டிருந்தார்.

வீட்டின் பக்கவாட்டில் தகரக் கொட்டகை. அதற்குள் வண்டி தார்ப்பாய் மூடி நின்றது. பின்பக்கத்தை மரக்கட்டைகள் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். தார்ப்பாயை விலக்கியதும் உப்பும் துருவும் கலந்த வாடை. வருஷக்கணக்காக ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் ஒழுகி அடிப்பக்கம் முழுக்கச் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. காற்றே இல்லை. நின்ற இடத்திலேயே வேர்த்தது.

தம்பி மனைவி வெளியே வந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். விரல்களில் துணி சுற்றியிருந்தாள்.

"வாங்க மாமா. வாங்கண்ணே." அவள் வேறெதுவும் கேட்கவில்லை. "டீ போடட்டுமா?"

"அப்புறம் போடும்மா," என்றார் பெரியவர். அவள் முகத்தைப் பார்க்காமல் பையைப் பிரித்தார்.

அவருடைய வேலையில் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் கட்டைகள் அசைகின்றனவா என்று காலால் உதைத்துப் பார்த்தார். முன்சக்கரத்துக்குக் கல் கொடுத்தார். பிறகு மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். நான் டார்ச் பிடித்தபடி பக்கத்தில் குந்தினேன்.

"மூடி போல்ட்டுல ஒரு சின்னத் தகரம் மாட்டி அனுப்புவாங்க. நம்பர் போட்டு. இருக்கா பாரு."

இல்லை. இருந்த இடத்தில் துருப்பிடித்த துணுக்கு ஒன்று போல்ட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"சரி. உப்புத் தண்ணி தின்னுடுச்சு. அன்னிக்கும் இல்ல. அதனாலதான் நான் கதவைப் பாத்தேன். கதவுல என்ன போட்டிருக்குன்னு நீ படி. சத்தமாப் படி."

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தேன். பூட்டு விழும் ஓரத்தில் அலுமினியத் தகடு ஒன்று அறைந்திருந்தது. கம்பெனிக்காரர்கள் வண்டியின் ஜாதகத்தை அதில்தான் எழுதுவார்கள்: எடை, டயர் அளவு, கடைசியில் ஆக்சில் நம்பர். எனக்கு அந்தத் தகடு புதிதில்லை. பத்து மாசத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் பெரியவர் அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முதல் வாய் வைத்த நேரம். இடது கையால் போனைப் பார்த்தேன். அவரும் பின்னாலேயே வந்து நின்று, "சீக்கிரம் குடுப்பா, நாளைக்குக் காலைல அவனுக்கு நடை இருக்கு" என்றார். கம்பெனிக்காரனே எழுதி வைத்திருக்கிறான், கேட்பவரோ மெக்கானிக், இதில் நான் என்ன போல்ட்டைக் கேட்பது என்று, கை கழுவக்கூடச் சோம்பல்பட்டு, அலமாரியைக் காட்டி "அந்த மூணாவது டப்பாண்ணே, நீங்களே எடுத்துக்குங்க" என்றேன். இவ்வளவுதான் நடந்தது.

"ஆக்சில் நாப்பத்தொண்ணு," என்று சத்தமாகப் படித்தேன்.

"நாப்பத்தொண்ணுக்கு எத்தனை?"

கேட்லாக்கைப் பார்க்கத் தேவையே இல்லை. ஆனாலும் புரட்டினேன். "பத்து. நாப்பத்தாறுக்குத்தான் பன்னெண்டு."

வண்டிக்கு அடியில் கம்பி பிரஷ்ஷின் சத்தம் ஆரம்பித்தது. மூடி முழுக்க மண்ணும் கிரீஸும் துருவும் சேர்ந்து தடித்துப் போயிருந்தது. போல்ட்டுகள் இருப்பதே மேட்டுக்கு மேடு தடவினால்தான் தெரியும். அவர் தேய்த்தார், நிறுத்தினார், மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார், மறுபடி தேய்த்தார். துரு அவர் முகத்திலும் கண் இமையிலும் விழுந்தது. அரைமணி நேரம் ஆகியிருக்கும். ஒவ்வொரு போல்ட்டாகச் சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். அவர் உதடு அசைவது தெரிந்தது.

நிறுத்தினார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். இந்தத் தடவை விரலால் தொட்டு.

"நீ வந்து எண்ணு," என்றார்.

நானும் உள்ளே நகர்ந்து படுத்தேன். இரண்டு பேர் படுக்க இடமில்லை, தோளோடு தோள் இடித்தது. எண்ணினேன். மேலே ஆரம்பித்து ஒரு சுற்று வந்தேன். பன்னிரண்டு.

"எத்தனை?"

மறுபடி ஒரு சுற்று எண்ணினேன்.

"எத்தனைன்னு கேட்டேன்."

"பன்னெண்டுண்ணே."

அவர் வெளியே நகர்ந்து எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "உருவிட்டு வந்த ஷாஃப்ட்டு எங்கம்மா?" என்று கேட்டார்.

அவள் கொட்டகையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று கவனிக்கவில்லை. "உள்ள இருக்கு மாமா. வண்டியோட சேத்துக் குடுத்தாங்க. கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன்."

"கட்டிலுக்கு அடியிலயா?"

"வேற எங்க வைக்கறதுன்னு தெரியல."

பத்து மாசமாக அந்தப் பெண் அந்த இரும்புக்கு மேலேதான் தூங்கியிருக்கிறாள். இரண்டு பேருமாகப் போய்த் தூக்கி வந்தோம். சாக்கைப் பிரித்ததும் ஒரு முனையில் பேரிங்கும் அதை ஒட்டி அந்தக் காலரும் தெரிந்தன. காலர் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை, மோதிரம் மாதிரி ஒரு இரும்பு வளையம். ஷாஃப்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, பேரிங்கை நகரவிடாமல் காவல் நிற்பது அதன் வேலை. அது பிடியை விட்டால் சக்கரத்துக்கு வேறு பிடிப்பு கிடையாது. சரியான காலரை அடுப்பில் போட்டுச் சூடேற்றி, சிவக்குமுன் எடுத்துச் சொருகினால்தான் ஏறும். ஆறிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

பெரியவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அந்தக் காலரில் வைத்து மெல்லத் தள்ளினார். நகர்ந்தது. துருவோடு கரகரவென்று நகர்ந்தது. அளந்து பார்க்க வெர்னியரைக் கேட்பார் என்று கையில் எடுத்து நின்றேன். கேட்கவில்லை.

"அன்னிக்கே தெரியும்," என்றார்.

"என்னண்ணே?"

"அன்னிக்கே என் கைக்குத் தெரிஞ்சுச்சு. அடுப்பு மூட்டறதுக்கு முன்னால சும்மா ஒரு தடவை வச்சுப் பாத்தேன். பைப்பை வச்சு நாலு தட்டு தட்டினேன். ஏறிடுச்சு. நாலே தட்டுல. அடுப்பே மூட்டல. புதுச் சரக்கு, நல்லா உக்காருதுன்னு நெனச்சேன். அவன் அங்கதான் உக்காந்திருந்தான், அந்தப் படியில. 'என்னண்ணே, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா'ன்னான். 'உங்க அண்ணன் கைடா'ன்னேன். பெருமையா சொன்னேன்ப்பா. உங்க அண்ணன் கைடான்னு."

சொல்லிக்கொண்டே அந்தக் காலரை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"சரிவு இல்ல, பாரம் இல்ல. நான்தான். போல்ட்டை எண்ணல. கைக்குத் தெரிஞ்சதையும் கேக்கல. எங்கம்மா அவனை என் இடுப்புல வச்சுட்டுத்தான் வேலைக்குப் போவா. அவனைத் தூக்கி வளத்த கை இது." அழுகை சத்தமாக வந்தது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. தம்பியை எடுத்துக்கொண்டு போன அன்றைக்குக்கூட ஆளுக்கு ஆள் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்றவர்.

தம்பி மனைவி வண்டியின் கதவருகில் நின்றாள். திறந்து கிடந்த கதவின் ஓரத்தை, அந்தத் தகடு இருக்கும் இடத்தை, தடவிக்கொண்டிருந்தாள். அவர் அழுவதை அவள் பார்த்ததாகவே தெரியவில்லை.

"அண்ணே," என்று என்னைக் கூப்பிட்டாள். "இதுல எழுதியிருக்கறதைப் பாத்துத்தான் சாமான் வாங்குவீங்களா?"

"ஆமாம்மா. மூடித் தகரம் போயிட்டா இதுதான்."

"கதவுல எழுதினது இந்த வண்டிக்குன்னு எப்படித் தெரியும்?"

"கதவு வண்டியோடதுதானேம்மா?"

அவள் வீட்டுக்குள் போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. உள்ளே அடுப்பில் டீத்தண்ணீர் கொதித்து வழிந்து தீய்கிற வாசனை வந்தது. நான் போய் எட்டிப் பார்த்தேன். அடுப்பை அணைக்காமல் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் அணைத்தேன்.

இப்போது நினைத்தாலும் தோன்றும், அவள் பேசாமல் இருந்திருக்கலாம். அவளைக் கேட்க ஆளில்லை. மாமாவின் தப்பு மாமாவோடு போயிருக்கும். வண்டியும் சரியாகி வந்திருக்கும். அவள் நேராக வெளியே வந்து பெரியவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, அந்தக் கதவு இந்த வண்டியோடது இல்ல."

அவருக்கு உறைக்கவில்லை. "என்னம்மா?"

"கல்யாணமான புதுசு. நீங்க அப்ப வெளியூர்ல பஸ் டிப்போ வேலைல இருந்தீங்க. எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்தாரு. ஐஸ் ஃபேக்டரி கேட்டுக்கிட்ட ரிவர்ஸ் எடுக்கும்போது, கதவைச் சரியா சாத்தாம, தலையை வெளிய நீட்டிப் பாத்துட்டே எடுத்தேன். தூண்ல கதவு மாட்டி அப்படியே மடங்கிடுச்சு. நான் பயந்து அழுதுட்டேன். உங்க எல்லாருக்கும் தெரிஞ்சா கேலி பண்ணுவீங்க, அக்கா சொல்லிச் சொல்லிக் காட்டுவாங்கன்னு. 'யாருக்கும் தெரியாது விடு'ன்னாரு. காயலான் கடைல இதே கலர் கதவு ஒண்ணு தேடிப் புடிச்சாரு. ரெண்டு நாள் அலைஞ்சாரு. அதான் இது."

பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நீங்க கதவைத் தொறந்து போட்டோ எடுத்தீங்கல்ல, நான் இங்க துணி காயப் போட்டுட்டிருந்தேன். பாத்தேன். எதுக்கு எடுக்கறீங்கன்னு கேக்கல. கதவுல என்ன இருக்கப் போகுதுன்னு நெனச்சேன். அவரும்தான் பாத்தாரு. அவருக்கும் தோணல மாமா. கதவுன்னா கதவுதானே."

"பழைய கதவு?" என்றேன் நான்.

"இருக்கு. வாங்க."

வீட்டின் பின்னால் குழாயடியில், பாத்திரம் தேய்க்கும் இடத்தில், நாலு செங்கல் அடுக்கின் மேல் ஒரு மேடை. அதில் பாத்திரங்கள் கவிழ்ந்திருந்தன. அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். மேலே விரித்திருந்த ரப்பர் விரிப்பைச் சுருட்டினாள். வண்டிக் கதவு. அதே நீலம், நடுவில் தூணின் அளவுக்கு உள்ளே வாங்கிய குழி. அந்தக் குழியில் சோப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது. தம்பி வீட்டில் பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கு எந்த அண்ணன் வரப்போகிறான். தம்பி நல்ல இடமாகத்தான் பார்த்து ஒளித்திருக்கிறான்.

பெரியவர் குந்தி உட்கார்ந்து சுவரோரமாக இருந்த ஓரத்தைத் தடவினார். பாசி. விரல் நகத்தால் சுரண்டினார். அலுமினியம் துருப்பிடிக்காது. எழுத்து பளிச்சென்று வந்தது.

"படி," என்றார்.

"நாப்பத்தாறு."

குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"பத்து வருஷம் மாமா," என்றாள் அவள். "தெனம் ரெண்டு வேளை இது முன்னாடிதான் உக்காந்து தேய்ச்சிருக்கேன். என் முட்டிக்கு நேரா இருந்திருக்கு."

"உனக்கு எப்படிம்மா தெரியும்? படிக்கத் தெரிஞ்சாலும் புரியாது. எனக்குத் தெரியணும். எண்ண வேண்டியவன் நான்."

"நான் இடிக்காம இருந்திருந்தா—"

"சும்மா இரும்மா."

"நான்தான் இடிச்சேன் மாமா. எனக்காகத்தான் மறைச்சாரு."

"சும்மா இருன்னு சொல்றேன்ல!" அதட்டினார். அதட்டிவிட்டு அந்தக் குழியில் கையை வைத்தார். தேங்கிய தண்ணீரை விரலால் வழித்துவிட்டார். அவர் தோள் குலுங்கியது. மறுபடி அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. "திருட்டுப் பய. நான் டிப்போலேருந்து வந்த அன்னிக்கு, 'அண்ணே, வண்டியை எப்படி வச்சிருக்கேன் பாத்தியா, ஒரு கீறல் இல்ல'ன்னான். கதவைத் தட்டிக் காட்டினான்மா. இந்தக் கதவைத் தட்டிக் காட்டினான்."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். இருவரும் அப்படியே அந்த ஈரத்தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று சொல்ல முடியாது. எனக்கு அங்கே நிற்கத் தெரியவில்லை. தரையில் கிடந்த பாத்திரங்களை எடுத்து ஓரமாக அடுக்கினேன். அந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பழியை இழுத்துத் தன் மேல் போட்டுக்கொள்கிறார்கள். மூன்றாவது ஆள் ஒருவன் பக்கத்திலேயே பாத்திரம் அடுக்கிக்கொண்டிருக்கிறான். சொல்லிவிட வாய் துடித்தது. அன்றைக்குச் சோற்றுக் கையோடு அலமாரியைக் காட்டினேன் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. டீ வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். பயந்தாங்கொள்ளி என்று என்னை நானே திட்டிக்கொண்டுதான் போனேன். திட்டினால் ஆயிற்றா?

டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது பெரியவர் வலது பக்க பிரேக் டிரம்மைக் கழற்றி ஷாஃப்ட்டை உருவியிருந்தார். அந்தப் பக்கம் அவர் கை வைக்காத பக்கம், கம்பெனியில் போட்ட காலர். திருப்புளியை வைத்து நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். மணி மாதிரி சத்தம் கேட்டது.

"இதான் பிடி," என்று அவளிடம் சொன்னார். "தொட்டுப் பாரு. இதை நீ தெரிஞ்சுக்கணும். நாளைக்கு எவன் உன் வண்டில கை வச்சாலும் நீ பக்கத்துல நின்னு பாக்கணும், நான் வச்சாலும்."

அவள் துணி சுற்றிய விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"மாமா, நான் ஓட்டிடுவேனா?"

"ரிவர்ஸ் மட்டும் நான் சொல்லித் தரேன்," என்றார் அவர்.

மறுநாள் காலை கடை திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கவுண்டரில் ஏற்கெனவே இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், ஒருவருக்கு விளக்கு, ஒருவருக்கு ஃபேன் பெல்ட். பெரியவரும் தம்பி மனைவியும் படியேறி வந்தார்கள். சவரம் செய்திருந்தார். அவள் கையில் துணிப்பை. அவர்களைப் பார்த்ததும் மற்ற இருவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். இழவு வீட்டுக்காரர்களுக்கு இன்னும் அப்படி ஒரு மரியாதை இருந்தது.

"இடது ஷாஃப்ட்டு ஒண்ணு, பேரிங், காலர், சீல்," என்றார் பெரியவர்.

அலமாரி எனக்குப் பின்னால்தான் இருந்தது. எந்த டப்பா என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நேற்று அவரோடு தோள் இடித்துப் படுத்து, டார்ச் பிடித்து, என் வாயாலேயே எண்ணிச் சொன்னேன். நாற்பத்தாறு என்று படித்ததும் நான்தான். எடுத்துக் கொடுத்திருந்தால் அவர்கள் பாட்டுக்கு வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நேராக நின்றேன்.

"அண்ணே," என்றேன். "மூடியில எத்தனை போல்ட்டு?"

ஃபேன் பெல்ட்காரர் வழக்கம்போல் சிரித்தார். "ஆரம்பிச்சிட்டான்யா போல்ட்டு."

பெரியவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். என் ஈரக் கையைப் பார்த்தார். அந்த மத்தியானம் அவருக்கு ஞாபகம் வருவது முகத்தில் தெரிந்தது. திறந்த சாப்பாட்டு டப்பா, அலமாரியின் மூன்றாவது டப்பா, எல்லாம். ரொம்ப நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நீ கேக்கல," என்றார்.

"கேக்கலண்ணே."

தம்பி மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, துணிப்பையின் வாயை விரித்துக் கவுண்டரின் மேல் வைத்தாள்.

"பன்னெண்டுண்ணே," என்றாள்.